நான் நிரப்பிய போன் நம்பர்

மூன்று வருடங்களுக்கு முன், சேலத்துக்கும் மேட்டூருக்கும் நடுவே உள்ள ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தது இது. அங்கே எனக்கு ஓ.பி. சீட்டுப் பதியும் தற்காலிக வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே வளர்ந்தவன். அதனால் என் பதிவில் காலிக் கட்டமே இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று திங்கட்கிழமை. பிரஷர், சுகர் மாத்திரை வாங்க வந்தவர்கள் கூட்டம். "கம்ப்யூட்டரு இன்னும் எந்திரிக்கலீங்களா தம்பி? மாத்தரை வாரதுக்குள்ள நாங்க மேல போயிருவமாட்ட இருக்குது" என்று ஒரு பெரியவர் சொல்ல, வரிசையே சிரித்தது. சிரிக்காமல் நின்றவர் ஒரு தறிக்கார அக்கா. முப்பது வயது இருக்கும். தலைமுடியில் நூல் பிசிறு. வீங்கிய இடது மணிக்கட்டை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

என்ன ஆச்சு என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகத்தான் கேட்டேன். அப்படிக் கேட்பதுதான் வழக்கம். "தண்ணித்தொட்டிகிட்ட உழுந்துட்டனுங்க" என்றார். போன் நம்பர் கேட்டேன். "நம்பரெல்லாம் வேண்டாஞ்சாமி" என்றார். என் அம்மாவுக்கும் நம்பர் சொல்லத் தெரியாது. இவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுப் போடும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நர்ஸம்மா அரை மணி நேரம் அவரிடம் பேசினார். வெளியே வந்து என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். அடித்தது புருஷனாம். எட்டு வருடமாக நடக்கிறதாம். இன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்திருக்கிறார். வியாழக்கிழமை கட்டு மாற்ற வரும்போது, பெண்களுக்கான உதவி மையத்திலிருந்து ஓர் ஆலோசகர் இங்கேயே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிள்ளைகளோடு தங்க இடமும் கிடைக்கலாம். கட்டு மாற்றப் போகிறேன் என்றால் வீட்டில் சந்தேகம் வராது.

மையத்துக்கு அனுப்பவேண்டிய படிவத்தை நர்ஸம்மா கையால் எழுதிக் கொடுத்தார். நான் டைப் அடித்து அனுப்ப வேண்டும். போன் நம்பர் கட்டம் காலியாக இருந்தது. கூட்டத்தில் மறந்துவிட்டார் போல என்று, அந்தக் குடும்பத்தின் பழைய பதிவைத் தேடினேன். எப்போதோ காய்ச்சலுக்கு வந்தபோது கணவர் கொடுத்த நம்பர் இருந்தது. அதை எடுக்கப்போவது யார் என்று யோசிக்காமலே நிரப்பினேன். நர்ஸம்மா பத்தடி தூரத்தில்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புதன்கிழமை, நேரத்தை உறுதி செய்ய மையத்திலிருந்து போன் செய்திருக்கிறார்கள். எடுத்தது புருஷன்.

வியாழக்கிழமை காலை என் ஜன்னலில் வந்து நின்றதும் அவர்தான். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சத்தமே போடவில்லை. "ஏனுங்க சார், என்ற சம்சாரத்துக்கு என்னமோ மையத்துல இருந்து போன் வந்துச்சுங்க. நம்பர் குடுத்தது நீங்களா?" நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். "படிச்சவுங்க. அடுத்தவன் ஊட்டுச் சமாச்சாரத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திப்போடுவீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

ஆலோசகர் வந்து மதியம் வரை காத்திருந்தார். பிறகு அவரும் நர்ஸம்மாவும் நானும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். பூட்டிக் கிடந்தது. "இப்பத்தானுங்க, சாமானெல்லாம் ஆட்டோவுல ஏத்திட்டுப் போறாங்க. எந்த ஊருன்னு சொல்லலீங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. கொஞ்சம் தயங்கி, "அந்தப் புள்ள கைக்கட்ட அவுத்துப் போட்டுட்டு மூட்டை தூக்குச்சுங்க" என்றார்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். குடும்பத்தோடு ஊர் மாறியவர்களை எங்கே போய்த் தேடுவது என்றார்கள். அந்த நம்பரும் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியில் நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. "அந்தக் கட்டத்த நான் வேணும்னுதான் விட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது எங்கள் நிலையத்தில் காயத்தோடு வரும் பெண்களை ஜன்னலில் வைத்து விசாரிப்பதில்லை. எந்த நம்பரானாலும், இதை எடுப்பது யார் என்று கேட்ட பிறகுதான் பதிகிறேன். அதனால் அந்த அக்காவுக்கு என்ன பிரயோஜனம்? எட்டு வருடம் பொறுத்து ஒரே ஒருநாள் எங்களை நம்பியவர், இனி எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் யாரையும் நம்பமாட்டார். அந்தப் பழி, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் வேலை பார்த்த என்னுடையது.