இருபது நிமிஷம் உயிரோட இரு, தாயே!

எலியோட உள்காதுல, சத்தத்தை வாங்கிக்கிற ஹேர் செல்லை உயிரோட வெச்சுக்கிட்டு, அதோட துளியூண்டு மின்சாரத்தைப் பதிவு பண்றதுதான் என் பிழைப்பு. வெளியே எடுத்த நிமிஷத்திலேர்ந்தே அது போறேன் போறேன்னுதான் நிக்கும். மீன்தொட்டி வாங்கி நொந்துபோனவங்களே, என் பாடு உங்களுக்காவது புரியும். ஒரே ஒரு செல் இருபது நிமிஷம் தாக்குப்பிடிச்சா என் பிஎச்.டி. முடிஞ்சிடும். இந்த மாசத்துக்குள்ள கிடைக்கலைன்னா இன்னொரு வருஷம் இழுக்கும்.

உப்பிப் போச்சு

செல்லை ஊறவைக்கிற உப்புக் கரைசல் அச்சு அசல் உடம்புக்குள்ள இருக்கிற மாதிரியே இருக்கணும். ஒருநாள் அவசரத்துல குளுக்கோஸ் போட மறந்துட்டேன். கரைசல் நீர்த்துப்போய், தண்ணி உள்ளே ஏறி, அத்தனை செல்லும் உப்பிக்கிச்சு. உள்ளே நியூக்ளியஸ் பளிச்சுனு தெரிஞ்சா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம். எல்லாத்துலயும் தெரிஞ்சுது.

என் கைடு அதிர்ந்தே பேசாத மனுஷர். மைக்ராஸ்கோப்ல ரொம்ப நேரம் பார்த்துட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, உன்னை ரெக்கார்டிங் பண்ணச் சொன்னேனா, பூரி போடச் சொன்னேனா?"

பளபளன்னு ஒரு பீக்கர்

அப்புறம் கரைசலெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் ரெண்டு வாரமா ஒரு செல்கூட அஞ்சு நிமிஷம் தாண்டலை. சல்லடை போட்டுத் தேடியும் காரணம் சிக்கலை. ஒருநாள் சீக்கிரமா வந்தா, சுத்தம் பண்ற காஞ்சனா அக்கா என் பீக்கரையெல்லாம் சோப்பு போட்டுத் தேய்ச்சிக்கிட்டிருக்காங்க!

அயனம்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்ற மனுஷி, நான் வாடிப்போயிருக்கேன்னு எனக்கு ஒத்தாசையா செஞ்சிருக்காங்க. சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் செல்லோட தோலே கரைஞ்சிடும்க்கான்னு சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு. அவங்களும் சேர்ந்து அழுதாங்க. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டாங்க:

"சோப்பு பட்டாலே பூடும்னா, அது இன்னா தெகிரியத்துல பொறந்துச்சும்மா?"

நிறுத்துங்கண்ணே!

மாசக் கடைசி. அருமையான செல் ஒண்ணு, வழவழன்னு கிடைச்சுது. மின்சாரத்தைப் பதிவு பண்ற கண்ணாடி ஊசியைக் கிட்டே கொண்டுபோறேன், மொத்த மேஜையும் நடுங்குது. எங்க லேப் பூந்தமல்லி ரோட்டுமேல. வெளியே மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டுறாங்க. போட்டிருந்த வெள்ளை லேப் கோட்டோடயே கீழே ஓடினேன்.

"அண்ணே, மேலே ஒரு உசுரு போகப்போகுது. இருபது நிமிஷம் மிஷினை நிறுத்துங்க, கும்பிடுறேன்!"

மிஷின் ஓட்டற அண்ணன் உடனே தலையாட்டினார். ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டார். மேலே ஓடி ஊசியை வெச்சேன். ஒட்டிக்கிச்சு! ஒண்ணு, ரெண்டுன்னு நிமிஷத்தை எண்ணினேன். பதினெட்டு... இருபது. இருபத்திரண்டாவது நிமிஷம் செல் போயிடுச்சு.

அந்த அண்ணனுக்கு நன்றி சொல்லக் கீழே போனேன். டீ கிளாஸோட எழுந்து நின்னு, "இன்னா மேடம், பொயச்சிக்கிச்சா?"ன்னார். பொய் சொல்ல மனசு வரலை. அது காதுல இருக்கிற ஒரு பொடிச் செல்தாண்ணே, என் வேலையை முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிடுச்சுன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழட்டினார்.

"பாவம், ஒனக்கோசரம்தான் அவ்ளோ நேரம் தாக்குப் புடிச்சிகினு இருந்துக்குது."

செல்லை நான்தான் காப்பாத்தினேன்னு தீசிஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். யார் யாரைக் காப்பாத்தினாங்கன்னு அந்த அண்ணனுக்குத்தான் தெரியும்.