முதலாளி பொருத்தம் கேட்க வந்த நாள்

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாக வந்து பொருத்தம் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்பார்கள். பொருந்திவிட்டோம், எங்களுக்கும் துஆச் செய்யுங்கள் என்று வீட்டார் சொல்வார்கள். சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் வைக்கிற நல்ல நாள். பொருந்தமாட்டேன் என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அந்த வழக்கத்தை நினைத்தாலே பயமாக இருந்தது. அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக இருந்தவர் மில் முதலாளி.

வாப்பா அவருடைய அரிசி மில்லில் கூலி வேலை செய்தவர். ஒரு நாள் மெஷினின் பெல்ட் அவருடைய வலக்கையை இழுத்துக்கொண்டது. கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். முதலாளி நல்லவர்தான். தன் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அரிசி அனுப்பினார், பெருநாளைக்கு இறைச்சியும் அனுப்பினார். உம்மா லேபர் ஒபீஸில் நட்டஈடு கேட்டு எழுதிக் கொடுத்த பிறகு அந்த நல்ல குணம் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டது. விசாரணைக்கு வந்தவர், இவர் என்னிடம் வேலை செய்தவரே இல்லை, அன்றைக்குத் தன்னுடைய நெல்லைக் குற்ற வந்தவர் என்று சொல்லிவிட்டார். எங்களுக்குச் சொந்தமாக விளைந்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கை மரத்தில்தான். அதைச் சொல்லி என்ன பயன்? வாப்பாவோடு வேலை செய்தவர்களுக்கு மறுநாளும் அதே மில்லில் வேலை வேண்டும். ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாப்பா அந்தக் கையைத் துவாயால் மூடி மடியில் வைத்திருப்பார். துவாய்க்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயம். அதைவிட இடக்கை என்னைப் பயமுறுத்தியது. இடக்கையால் தின்பவன் ஷைத்தான் என்று ஓதிக்கொடுக்கும் லெப்பை சொல்லியிருந்தார். வாப்பா இடக்கையில் கரண்டி பிடித்துச் சோறு தின்னும்போது, அவர் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இயலாதவருக்கு அது குற்றமில்லை என்று உம்மா பல தடவை சொன்னார். போகப்போக வாப்பாவின் இடக்கை நன்றாகத் தேறிவிட்டது. பொத்தான் போடும், எனக்குத் தலை வாரும், விளிம்பு வரை நிறைந்த கோப்பையைத் துளி சிந்தாமல் தூக்கும். என் பயம் மட்டும் தேறவில்லை.

முதலாளி பொருத்தம் கேட்க வரப்போகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டது. பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்களையும் கூட்டிக்கொண்டுதான் வருவார், அவர்கள் முன்னால் பொருந்திவிட்டால் பிறகு எந்த முகத்தோடு வழக்குப் பேசுவது என்று உம்மா கவலைப்பட்டார். எனக்கு அதோடு இன்னொரு பயமும் இருந்தது. தனக்குச் செய்த பாவத்தை அல்லாஹ் மன்னிப்பான், ஒரு மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் பொருந்தாமல் மன்னிக்கமாட்டான் என்பதும் லெப்பை சொன்னதுதான். வாப்பா பொருந்தினால் நாங்கள் பட்டினி. பொருந்தாவிட்டால் ஒரு மனிதர் வாப்பாவால் நரகத்துக்குப் போவார். எட்டு வயதில் தீர்க்கக்கூடிய கணக்காக அது எனக்குத் தெரியவில்லை.

அசர் தொழுகை முடிந்ததும் வேன் வந்து நின்றது. முதலாளி வெள்ளை உடுப்பில் இறங்கினார், கூடவே மரைக்காயர்கள் இருவர். உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். நான் வாப்பா உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் கதைத்தார்கள். பிறகு முதலாளி எழுந்து வந்து, ஸலாம் கொடுப்பதற்கு இரண்டு கைகளையும் நீட்டினார். பொருத்தம் இரண்டு கையாலும் கொடுக்கும் ஸலாத்தோடுதான் முடியும்.

"தம்பி, மௌத்து ஹயாத்து ஆருக்குத் தெரியும், உசிரோட திரும்பி வருவனோ தெரியா. நான் பிழை விட்டிருந்தா பொருந்திக்கங்க."

வாப்பா நீட்டிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மரைக்காயர்களில் ஒருவர் செருமினார். சொல்லுங்கள் தம்பி, நல்ல காரியத்தைத் தாமதிக்கக் கூடாது என்றார். அப்போதுதான் வாப்பா இடக்கையால் துவாயை எடுத்துக் கதிரைக் கையில் போட்டார். கண்ணை மூட நினைத்தேன், முடியவில்லை. சுருங்கிய தோலும் தையல் தழும்புகளுமாக, ஒற்றை விரலோடு இருந்த அந்தக் கையை அவர் முதலாளியின் இரண்டு கைகளுக்குள் வைத்தார். முதலாளி கையை இழுக்கப் பார்த்தார். வாப்பாவின் கட்டைவிரல் அவரைப் பிடித்துக்கொண்டது.

"என்ட மனசு நொந்தத பொருந்திட்டன் முதலாளி. இந்தக் கையிட ஹக்கு என்ட புள்ளைகள்ட. அதப் பொருந்த எனக்கு ஏலா."

ஒருவருக்குச் சேரவேண்டியதுதான் ஹக்கு. பிறருடைய ஹக்கை வைத்துக்கொண்டு செய்கிற ஹஜ் ஏற்கப்படுமா என்று அங்கிருந்த யாருக்கும் லெப்பை வந்து சொல்லவேண்டியதில்லை. முதலாளி வெளியே போனார். தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. பின்னால் போன மரைக்காயர், இது நல்லதுக்கில்லை என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஹஜ்ஜுக்குப் போகிற அல்லாஹ்வின் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பிய வீடு என்று எங்களைப் பேசினார்கள். முதலாளி போகும் விமானம் விழுந்துவிட்டால் அந்தப் பாவமும் வாப்பாவுக்குத்தான் வரும் என்று நான் நினைத்தேன். தொழுகைப் பாயில் இருந்து, அது விழாமல் இருக்கத் துஆக் கேட்டேன். வாப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கேட்டவருக்குப் பொருத்தம் கொடுக்காத மனிதர் அல்லவா அவர்.

பயணத்துக்கு முன் முதலாளி யாரிடமும் சொல்லாமல் லேபர் ஒபீஸுக்குப் போயிருக்கிறார். இவர் என் கூலியாள்தான், அந்த பெல்ட்டுக்கு நான் மறைப்புப் போடவில்லை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அங்கிருந்து போன் வந்தபோது உம்மா அடுப்படியிலேயே ஸுஜூதில் விழுந்தார். நட்டஈடு கிடைத்தது. அதை வைத்து வாப்பா சந்தைப் பக்கம் போட்ட சில்லறைக் கடை இன்றும் நடக்கிறது.

பயமே அறியாத ஒருவரின் கதையாகத்தான் இதை நான் நெடுங்காலம் சொல்லிவந்தேன். அன்று வீட்டில் பயந்திருந்தது நான் ஒருத்திதான் என்பது என் எண்ணம். அன்று முதலாளியின் வேன் தெருமுனையைத் தாண்டியதும் வாப்பா தண்ணீர் கேட்டார். உம்மா கொடுத்த கிளாஸை இடக்கையால் வாங்கினார். கிளாஸ் பல்லில் டக்டக்கென்று இடித்தது, பாதித் தண்ணீர் நெஞ்சிலும் சாரனிலும் கொட்டியது. நான் கதிரைக்குப் பின்னாலிருந்து வந்து, அந்தத் துவாயை எடுத்து அவருடைய நெஞ்சைத் துடைத்துவிட்டேன்.

"மெல்லக் குடிங்க வாப்பா, இடக்கை இன்னம் பழகல்ல" என்றேன்.

"ஓம் மகள்" என்றார் வாப்பா.