சத்தமே போடாத கட்டில்

தீக்காய வார்டு என்றால் கட்டுப் பிரித்துக் கட்டுப் போடுகிற வேலை என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். உங்களில் யாராவது டிரெசிங் ட்ரே தூக்கியவராக இருந்தால், பாதி வேலை அதற்கு அப்புறம்தான் என்று தெரிந்திருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் நர்ஸாக இருந்த ஆரணி ஆஸ்பத்திரிக்கு, மனநல டாக்டர் வேலூரிலிருந்து வாரம் ஒரு தடவைதான் வருவார். யாரை அவரிடம் அனுப்புவது என்று நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் கெட்டிக்காரர் எங்கள் இன்சார்ஜ் ஸ்டெல்லா சிஸ்டர்.

யாரை அனுப்புவது?

சேவூர் முனுசாமி பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். கொதிக்கிற சாயத் தண்ணீர் கொட்டிக் கால் இரண்டும் வெந்துபோய் வந்தார். கட்டைத் தொட்டாலே வார்டு அதிரக் கத்துவார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கலசப்பாக்கம் கன்னியம்மா. ஸ்டவ் வெடித்து முகமும் கழுத்தும் வெந்தவர். கட்டு மாற்றினாலும் சத்தம் வராது. எது கேட்டாலும் "பரவால்லைங்க". சாப்பாடு வைத்தது வைத்தபடி இருக்கும். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

புதிதாக வந்த டாக்டர் முனுசாமியை அனுப்பலாம் என்றார். சிஸ்டர் கன்னியம்மாவைச் சொன்னார். "தொந்தரவே இல்லாத பேஷண்ட் ஆச்சே?" என்று கேட்டார் டாக்டர்.

"அவர் கத்தறது வலிக்கு, டாக்டர். ஊசி போட்டா அடங்கிடும். இந்தம்மா வலிக்குதுன்னு சொல்றதையே விட்டுட்டாங்க."

ஆறிய கால்

வீட்டுக்குப் போன முனுசாமி காலைக் காட்ட வந்தார். நன்றாக ஆறியிருந்தது. எங்களுக்கெல்லாம் திருப்தி. சிஸ்டர் மட்டும், "சாயப் பட்டறைக்குப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அடுப்பு பத்த வெச்சா தெருவுல போய் நின்னுகினு இருக்காருங்க. ராத்திரில தூக்கமும் இல்ல" என்றார் அவர் மனைவி.

சிஸ்டர் நேராக அந்தப் புது டாக்டரிடம் போய், "அன்னிக்கு இவர் வேணாம்னு சொன்னது நான்தான். இன்னிக்கு இவரையும் அனுப்பணும்" என்றார். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? சில மாதம் கழித்து முனுசாமி சிரித்துக்கொண்டே வந்தார்.

"மொதல்ல பட்டறை வாசல்ல நின்னேன், அப்பால உள்ள நின்னேன். இப்போ சாயத் தொட்டிகிட்டயே நிக்கிறேன் சிஸ்டர், ஜல்தி பண்ணாதேன்னு வேலூர் டாக்டர் சொல்லிக்கீறாரு."

செல்வி வந்த நாள்

கன்னியம்மா மனநல டாக்டரிடமும் லேசில் வாய் திறக்கவில்லை. சில வாரம் போன பிறகுதான் சொன்னார்: மகள் செல்வி தன் முகத்தைப் பார்த்து அலறினால், அதற்கப்புறம் தான் இருந்தே பிரயோசனம் இல்லையாம். அவசரப்படுத்த வேண்டாம், தாயே கூப்பிடும்போது குழந்தையைக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

ஒரு நாள் கன்னியம்மாவே, "வரச் சொல்லுங்க" என்றார். சிஸ்டர் வராந்தாவில் செல்வி எதிரே குந்தி உட்கார்ந்து, "அம்மா மூஞ்சி மாறியிருக்கும் கண்ணு. குரல் அதேதான். பயமா இருந்தா வெளிய வந்துடலாம்" என்றார். குழந்தை தலையாட்டிவிட்டு உள்ளே போனது. கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. கன்னியம்மா போர்வையை இறுகப் பிடித்திருந்தார். செல்வி வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

"அம்மா, இங்க பாரேன், எனக்கு முன்பல்லு வுழுந்துட்ச்சு!"

மனசு தேறிவிட்டது என்று எங்கள் வார்டில் யாரும் சொல்லிவிட்டுப் போனதில்லை. ஒரு நாள் திடீரென்று இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள், நாங்களும் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொள்வோம்.