ஊர்வலத்துக்கு எடுத்த பாட்டு

காப்பி ஆறிப்போனால் அது நல்ல பாட்டு. எங்கள் பேண்டு செட்டு அண்ணாச்சியின் சங்கீத ஞானம் அவ்வளவுதான். சங்கரன்கோவில் பஜாரில் ஒரு காப்பிக் கிளப்பில் கிராமபோன் பெட்டி இருந்தது. காலையிலேயே போய் மூலை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பிளேட்டு சுற்றும்போது எவனெவன் தம்ளரைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்துபோய் இருக்கிறான் என்று நோட்டம் பார்ப்பார். மூன்று பேருக்குக் காப்பி ஆறினால் அந்தப் பாட்டைக் கல்யாண ஊர்வலத்துக்கு எடுத்துவிடுவார். ராகமாவது, தாளமாவது.

எடுப்பது அவர், பிடிப்பது நான். ரெண்டு தடவை கேட்டால் போதும், மெட்டு என் விரலுக்கு வந்துவிடும். அது எனக்கு வாய்த்தது, அவருக்கு வாய்க்கவில்லை. நான் பிடித்து, ஸ்வரம் எழுதி, மற்ற ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துத் தயார் பண்ணி வைப்பேன். ஊர்வலத்தன்று அவர் முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசிப்பார். நான் ரெண்டாவது கிளாரினெட். அவர் முதுகைப் பார்த்தே வாசித்தவன். சட்டையில் வேர்வை எங்கே தொடங்கி எங்கே வரைக்கும் இறங்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். அந்த மனுஷன் செத்து மண்ணாகிப் போனார், என் எரிச்சல் மட்டும் அப்படியே கிடக்கிறது.

அதற்குக் காரணம் புளியங்குடியில் நடந்த ஒரு கல்யாணம். ஊர்வலம் ஒரு முக்கில் நின்றபோது அண்ணாச்சி வெற்றிலை போட ஒதுங்கினார். சும்மா நிற்பானேன் என்று நான் மோகனத்தை மெல்ல எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. கூட்டத்திலிருந்து ஒருத்தன், “ஏ, தூக்கம் வருதுவே, சினிமாப் பாட்டு எடு” என்றான். அண்ணாச்சி வேகமாக வந்தார். நான் வாயில் வைத்திருந்த கிளாரினெட்டை அப்படியே வெடுக்கென்று பிடுங்கினார். பல்லில் இடித்து உதடு கிழிந்துவிட்டது.

“ஏலே, ஊர்க்காரன் கேக்கதை வாசி. ஒன் வித்தையை ஒன் வீட்டுல வச்சுக்க.”

கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்தால் போகட்டும், எவனோ ஊரான். எங்கள் செட்டு ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சினிமாப் பாட்டுக்கு நானும் சேர்ந்து வாசித்தேன். போக்கிடம் கிடையாதே, வேறென்ன செய்ய? ஆனால் இந்த ஆளை இதே மாதிரி நடுத்தெருவில், நாலு பேர் சிரிக்க நிற்கவைக்காமல் விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

அதற்கு வழி கைக்கு வந்து சேர்ந்தது மதுரையில். என் அக்காளை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் பிள்ளைக்குக் காது குத்துக்குப் போயிருந்தபோது, என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு இந்திப் படத்துக்குப் போனாள். பாஷை ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. அதில் ஒரு பாட்டு. புருஷன் செத்துக் கிடக்கிறான், பாடை கட்டியாகிவிட்டது, தூக்கப்போகிற நேரம், பெண்டாட்டி அவன் காலடியில் உட்கார்ந்து பாடுகிறாள். மெட்டு என்னமோ தாலாட்டு மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். கொட்டகையே அழுதது.

ஊர் திரும்பிப் பதினைந்து நாள் இருக்கும். அண்ணாச்சி என்னைக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். “ஒரு பிளேட்டு வந்திருக்குவே, பம்பாய்ச் சரக்கு. நேத்து நாலு பேருக்குக் காப்பி ஆறிப்போச்சு. பொண்ணு மாப்பிள்ளை கோயில் முன்னால நிக்கும்போது இதை வாசிச்சோம்னு வையி, பொம்பளையாளு அத்தனை பேரும் உருகிப் போவா.”

பெட்டி பாடியது. அந்தப் பாடைப் பாட்டேதான். எங்கள் ஊர்க் கொட்டகைக்கு அந்தப் படம் வரவில்லை, வரப்போவதும் இல்லை. இந்தி தெரிந்தவன் அந்தப் பஜாரிலேயே கிடையாது.

“இதை எங்கயும் கேட்டிருக்கியா?” என்றார்.

“இல்லை அண்ணாச்சி” என்றேன். பதில் அவ்வளவு சுத்தமாக வந்தது.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் இத்தனை அக்கறையாக எந்தப் பாட்டையும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

நாங்கள் பழகியது நூல் மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில். அதை ஒட்டினாற்போல் என் வீடு. எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரச் சுவர்தான். அந்த வீட்டில் தறி போட்டிருந்தார்கள். மகள் வாசலில் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றுவாள். அவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை உள்ளூர்தான், பம்பாயில் மில்லில் குமாஸ்தா. ஊர்வலத்துக்கு எங்கள் செட்டுக்குத்தான் அச்சாரம் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் பழகி முடிந்து நான் என் வீட்டு முற்றத்தில் கிளாரினெட் ரீடைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு மெதுவா வாசிக்கீங்களே, அது எங்க ஊர்வலத்துல உண்டுமா?”

“ஏன் தங்கச்சி?”

“அதைக் கேட்டா தார் சுத்துத கை அப்படியே நின்னுருது. அதை வாசிக்கச் சொல்லுங்களேன்.”

அண்ணாச்சி அந்தப் பாட்டை வேறு ஊர்க் கல்யாணத்துக்குத்தான் வைத்திருந்தார். இவள் கல்யாணத்துக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். மாப்பிள்ளை பம்பாய்க்காரன், அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தவன் ஒருத்தன் கேட்டால்தானே அண்ணாச்சிக்கு அடி விழும் என்று அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன்.

“உண்டு தங்கச்சி” என்றேன். அண்ணாச்சியிடம் போய், “பொண்ணே கேக்கா” என்று சொல்லியும் வைத்தேன்.

காலையில் தாலி கட்டியாகிவிட்டது. ஊர்வலம் சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்பியது. கோயில் வாசலில் கார் நின்றது. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எடுத்தோம். பொம்பளைகள் நிஜமாகவே உருகிப்போய் நின்றார்கள். பெண் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முகத்தைத்தான் நான் பார்த்தேன். முதலில் காதைத் தீட்டினான், அப்புறம் முகம் வெளுத்தது. கூட வந்திருந்த பம்பாய்க் கூட்டாளி ஒருத்தன் காரிலிருந்து இறங்கிப் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னான்.

அந்த அம்மா தெருவை மறித்து வந்து நின்றாள். “நிறுத்துலே. எம்மவனுக்குப் பாடைப் பாட்டா வாசிக்கே?”

மாப்பிள்ளையின் தாய்மாமன் அண்ணாச்சி கன்னத்தில் ஒன்று விட்டான். கிளாரினெட் கல்லில் விழுந்து உருண்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எப்படி ஆசைப்பட்டேனோ அப்படியே நடந்தது. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. உள்ளபடி சொல்லுகிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

“எவன் சொல்லி இந்தப் பாட்டை எடுத்தே?” என்றான் தாய்மாமன்.

அண்ணாச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “சத்தியமா எனக்கு இந்தி தெரியாதுய்யா. பொண்ணுதான் கேட்டுச்சாம்” என்றார்.

எல்லாத் தலையும் கார்ப் பக்கம் திரும்பியது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். “நான்தான் கேட்டேன்” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

“வாசல் மிதிக்கதுக்கு முன்னாலேயே எம்மவனைத் தூக்கப் பாத்தவ எனக்கு வேண்டாம்” என்றாள் மாமியார்காரி. காரைப் பெண் வீட்டுக்கே திருப்பிவிட்டார்கள். பெண்ணின் அப்பா போய்க் காலில் விழுந்தும் பார்த்தார். மாப்பிள்ளை லீவு முடிந்து பம்பாய்க்கு ரயில் ஏறினான். அவன் வாயைத் திறக்கவே இல்லை, அம்மா பிள்ளை. ஒரு வருஷம் இழுத்து, பெரியவர்கள் கூடிப் பேசி உறவைத் தீர்த்துவிட்டார்கள். அவள் மறுபடியும் வாசலில் உட்கார்ந்து தார் சுற்றினாள். நான் கிட்டங்கிக்குப் போகும்போதெல்லாம் அவள் பக்கம் பாராமல் போகப் பழகிக்கொண்டேன்.

அடி வாங்கின அண்ணாச்சியை அதற்கப்புறம் ஒருத்தனும் கூப்பிடவில்லை. செட்டு என் கைக்கு வந்தது. முன்னால் நின்று வாசித்தேன். மோகனமும் வாசிக்கவில்லை, கல்யாணியும் வாசிக்கவில்லை. நானும் அதே கிளப்பில் அதே மூலை பெஞ்சில் போய் உட்கார்ந்து எவனுக்குக் காப்பி ஆறுகிறது என்றுதான் பார்த்தேன்.

பிறகு அந்த மாமியார்காரியே ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்திருந்தாள். “அந்தப் பழைய ஆளு விளங்காதவன். நீ நல்லா எடுக்கியாமே. எல்லாம் மங்களகரமா எடு” என்று வெற்றிலையில் வைத்து அச்சாரத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருக்கலாம்.

இந்தத் தடவை ஒரு பாட்டுக்கும் நான் காப்பியை நம்பவில்லை. திருநெல்வேலி வரைக்கும் பஸ் ஏறிப் போய், எடுத்த ஒவ்வொரு பாட்டின் படத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். கிட்டங்கியில் அந்தப் பாட்டுகளைப் பழகி முடித்துவிட்டு ஆட்கள் போனபிறகு, நான் வீட்டு முற்றத்துக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தார் சுற்றுகிற சத்தம் நின்றது.

“அவுக ஊர்வலத்துக்கா அண்ணாச்சி?”

“ஆமா.”

“பாட்டெல்லாம் படம் பாத்து எடுத்ததுதானே?”

“எல்லாம் பாத்தாச்சு தங்கச்சி. ஒரு குறையும் வராது.”

“சரிதான்” என்றாள். சுற்றிய தாரை எடுத்துக் கூடையில் போட்டாள். “போன மாசம் ஒங்க அக்கா மதுரையில இருந்து வந்திருந்தாகல்ல, இந்தச் சுவத்துப் பக்கம் நின்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம். எங்க ஊர்வலத்துப் பாட்டுக்கும் நீங்க படம் பாத்திருந்தீங்களாமே.”

நான் ரீடைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். தார் சுற்றுகிற சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.