தூக்கிக் குடித்த மருந்து

பாசுரத்தின் பாதியில் என் குரல் நின்றுபோனது. திருவள்ளூர்க் கோயிலில் மாலைக் கோஷ்டி, பாசுரங்களைக் கூட்டாகச் சொல்லும் வேளை. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாரோடும் சேர்ந்து சேவித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தால் வரவில்லை. நெஞ்சுக்குள் விசில் ஊதியது. அப்பா என் பங்கையும் சேர்த்து உரக்கச் சொல்லி ஒப்பேற்றிவிட்டார்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஞாயிறு மட்டும்தான் ஊர். பரம்பரைக் கைங்கரியத்தில் எனக்கென்று மிஞ்சியிருந்தது வாரத்துக்கு அந்த ஒரு மாலை. அதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் இறுகிச் சுருங்கும் நோய்) என்றார் டாக்டர். மாத்திரை போட்டால் வேலை செய்ய வெகுநேரம் ஆகும். கை வேறு நடுங்கும். முற்றினால் நரம்பில் ஊசி. ஓராண்டு இப்படியே ஓடியது. கோஷ்டியில் வெறுமனே வாயசைக்கப் பழகிக்கொண்டேன். பக்கத்தில் நிற்கிற அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

பிறகுதான் இன்ஹேலர் (மருந்தை உள்ளிழுக்கும் சிறு குப்பி) கைக்கு வந்தது. சில நிமிடங்களில் மூச்சு திறக்கும் என்று சொல்லி, இழுக்கும் முறையையும் டாக்டர் விளக்கினார். பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்து என் வழக்கப்படியே செய்தேன். எங்கள் வீட்டில் தண்ணீரானாலும் காபியானாலும் பாத்திரம் உதட்டில் படக்கூடாது, பட்டால் எச்சில். ஆகவே அண்ணாந்து, குப்பியை ஒரு சாண் மேலே பிடித்து, வாய்க்குள் பீய்ச்சி விழுங்கினேன். நாக்கு கசந்தது, நெஞ்சு அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு வாரம் அதைக் கண்டுபிடித்தவனைத் திட்டித் தீர்த்தேன்.

ஒரு நாள் மதியம், ஸ்டோரில் மூட்டை பிரித்த தூசியில் இழுப்பு வந்துவிட்டது. ஆலை டிஸ்பென்சரிக்கு ஓடினேன். நான் அண்ணாந்து பீய்ச்சிக்கொண்டதைக் கம்பவுண்டர் முனிரத்தினம் பார்த்தார்.

"இன்னா சாமி, மோரு மாரி தூக்கிக் குடிச்சிக்கினு கீறீங்க? வயித்துக்கா மருந்து? வாய்ல வெச்சி உதட்ட மூடிக்கோங்க."

உதடு கூசியது. ஆனால் மூச்சுக்கு முன்னால் கூச்சம் எம்மாத்திரம்? குப்பியைக் குலுக்கிக் கொடுத்தார். அவர் சொன்னபடி மூச்சை முழுக்க விட்டு, உதட்டால் கவ்வி, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கி, பத்து எண்ணும்வரை அடக்கினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. ஐந்து நிமிடத்துக்குள் விசில் தேய்ந்து, முதுகுவரை காற்று போய் வந்தது. அழுதுவிட்டேன்.

உங்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் ஒன்று சொல்கிறேன். இந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்; நோயைத் தீர்ப்பதில்லை. இழுத்தும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த ஞாயிறு, கோஷ்டிக்குச் சற்று முன் பிராகாரத்தில் மறுபடி இழுப்பு. குப்பி வேட்டி மடியில் இருந்தது. வாயில் வைத்த எச்சிலோடு சன்னிதிக்குள் எப்படிப் போவது என்று தயங்கினேன். முனிரத்தினம் சொன்னதை அப்பாவிடம் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் விடுவிடுவென்று மடைப்பள்ளிப் பக்கம் போனார். கோபம் என்றே நினைத்தேன். சொம்போடு திரும்பி வந்தார்.

"வாயில வெச்சுண்டு நன்னா இழு. கைக்கு நான் தீர்த்தம் விடறேன்."

இழுத்தேன். அவர் விட்ட தண்ணீரில் வாய் கொப்பளித்துக் கை அலம்பினேன். முதல் பாசுரம் அதற்குள் தொடங்கியிருந்தது. மூன்றாவதில் என் குரலும் சேர்ந்தது. எப்போதும் கணீரென்று சேவிக்கிற அப்பா அன்று தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார், என்னுடையது கேட்கட்டும் என்று.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. மருந்து வேலை செய்யும்வரை கடிகாரம் பார்க்க எனக்கு இன்னும் வராது; மனசுக்குள் மூன்று பாசுரம் ஓடவேண்டும். இப்போதெல்லாம் எச்சிலும் பார்ப்பதில்லை. ஆனாலும் குப்பியை வாயிலிருந்து எடுத்ததும் வலது கை தானாக நீண்டுவிடுகிறது, தண்ணீருக்கு.