இரண்டு கோடுகளும் ஒன்றான மத்தியானம்

சித்திரை பிறந்தால் இளமதியின் விரல்நுனிகள் உரியத் தொடங்கிவிடும். ஆலங்குடிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு அரை ஏக்கர் முந்திரி. வறுத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியன் ஆன பிறகும், லீவு கிடைத்தால் வந்து ஆத்தா ராக்காயியோடு கொட்டை உடைக்க உட்கார்ந்துவிடுவாள். பள்ளியில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. இப்போது நான் ஸ்வீடனில் இருக்கிறேன். ஆனால் இருவரும் வேலை செய்வது ஒரே விண்கலத்துக்கு.

அது வெள்ளிக் கோளைச் சுற்றுகிறது. அதிலிருந்து நீளும் கம்பியின் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உலோக உருண்டை. கோளின் மேல்காற்றைச் சூரிய ஒளி உடைத்து, எலக்ட்ரானும் அயனியும் தனித்தனியே திரியும் பிளாஸ்மாவாக வைத்திருக்கிறது. உருண்டையின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், பாயும் மின்னோட்டம் வளைகோடாக வரும். கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதில் எலக்ட்ரான்களின் வெப்பநிலை தெரியும். ஏற்றும்போது வரும் கோடும் இறக்கும்போது வரும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

விண்ணில் ஏவுவதற்கு முன் அந்த உருண்டையைக் கடைசியாகத் துடைத்தவள் இளமதி.

போன ஏப்ரலில் முதல் தரவு வந்தபோது அவள் ஊரில் இருந்தாள். கோடுகள் படியவில்லை. வெள்ளியின் வானத்தில் ஏதோ புதுமை என்று குழுவில் பேச்சு கிளம்பியது. மறுநாள் காலை அவள் எனக்குப் போன் செய்தாள்.

"ஏடி, அது வானமில்ல. உருண்டை மேல அழுக்குப் படலம். போன வருஷம் லீவு முடிஞ்சு போன மறுநாள்தான் தொடச்சேன். கிளவுஸக் கழட்டுறப்ப பாத்தா விரல் நுனியில ஒரு கிழிசல். அப்ப பெருசா நெனைக்கல."

"யார்கிட்டயும் சொல்லாத. வேலை போயிரும்" என்றேன். மறு வருடத்துக்கு விசா கிடைக்குமா என்று எண்ணிக்கொண்டே வாழும் எனக்கு வேறென்ன வாயில் வரும்?

"சொல்லலன்னா பொய் வெப்பநிலைய உண்மைன்னு எழுதிருவாங்கடி."

அன்று மாலை வீடியோ கூட்டத்தில் அவளே பேச்சை ஆரம்பித்தாள். "சார், அது என் விரல்ல இருந்த முந்திரி எண்ணெயா இருக்கலாம்."

குழுத்தலைவர் கோபிநாத் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் மைக்கை அணைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இதை நேத்தே சொல்லிருக்கலாமேம்மா?"

"நேத்து பயமா இருந்துச்சு சார்."

"இப்போ?"

"இப்பவும்தான்."

அவர் சிரித்துவிட்டார். உருண்டைக்குள்ளேயே சின்ன ஹீட்டர் உண்டு. சூடேற்றினால் படலம் ஆவியாகிவிடும். கம்பியின் இணைப்பு தாங்காமல் போனால் உருண்டையே செத்துவிடும் என்பதால் அதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

"நூத்தம்பது டிகிரி வரைக்கும் சோதிச்சுப் பாத்தது நான்தான் சார். தாங்குச்சு."

"அப்போ நூத்திநாப்பது வைப்போம்."

சூடேற்றிய பிறகு புதுத் தரவு வந்தது ஐந்தாம் நாள், மத்தியானம். முந்திரி வறுக்கும் கொட்டகையில் கவிழ்த்த கூடைமேல் லேப்டாப், வீடியோவில் நான். நீலக்கோடு ஏறியது. சிவப்பு மேலிருந்து இறங்கி, நீலத்தின் மேலேயே ஊர்ந்து, அதை முழுக்க மூடிவிட்டது! இளமதி போட்ட கூச்சலில் ராக்காயி கரண்டியோடு ஓடிவந்தார்.

"எண்ணெய் தெறிச்சுருச்சாடி?"

"ஒண்ணாயிருச்சு ஆத்தா! ரெண்டும் ஒண்ணாயிருச்சு!"

"எந்த ரெண்டு? சொல்லித் தொலையேண்டி!"

நான் இங்கே நாற்காலிமேல் ஏறி நின்றேன். கணக்குப் போட்டதில் வெப்பநிலை நாலாயிரம் டிகிரியைத் தாண்டியது.

"நாலாயிரமா? அங்கிட்டு அடுப்பே வேணாமே!" என்றார் ராக்காயி.

"காத்து ரொம்ப லேசு ஆத்தா. அதுல கொட்டை வறுபடாது."

"அப்பறம் அது என்ன சூடு?" என்று அவர் அடுப்புக்குத் திரும்பிவிட்டார்.

கோபிநாத் இளமதியின் போனுக்கு அழைத்தார்; அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "படலம் போயே போச்சு! யாரோடதுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாதும்மா. அறிக்கையில 'காரணம் தெரியவில்லை'ன்னு போட்டுரவா?"

'சரி' சொல்லச் சொல்லி நான் இங்கிருந்து வேகவேகமாகத் தலையாட்டினேன். இளமதி உரிந்த விரல்களைப் பாவாடையில் துடைத்தாள்.

"போடுங்க சார். கூடவே, கிளவுஸ் கிழிஞ்சிருந்துச்சுன்னும் போடுங்க. அடுத்த உருண்டையத் தொடைக்கிறவங்களுக்குத் தெரியணும்ல?"