பேட்டரி இல்லாத வண்டியின் ஹார்ன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. குன்னூரில் இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறேன். ஒரு பல்பு எரிந்தால் அதற்கு எங்கிருந்தோ கரண்ட் வந்தாக வேண்டும், எரியாவிட்டால் எங்கோ அறுந்திருக்க வேண்டும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வெலிங்டனுக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி ஆறேழு வீடுகள் இருக்கின்றன. அதில் கடைசி வீடு தேவகி அக்காவுடையது. ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு பழைய காரை வாங்கி, பத்துப் பதினைந்து வருஷமாக இந்த வளைவுகளில் அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். விற்றுவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லியாயிற்று, கேட்கவில்லை.

போன டிசம்பரில் ஒருநாள் சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தால் அவர் காலையிலிருந்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பேட்டரியைச் சுத்தமாகத் தீர்த்து வைத்திருந்தார். உள்விளக்குகூட மினுங்கவில்லை. பேட்டரியில் உயிர் இல்லாமல் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அதைக் கழற்றி, வயர் முனைகளில் துணியைச் சுற்றிவிட்டு, கடையில் சார்ஜ் போட்டுக் காலையில் கொண்டுவருகிறேன் என்று சொல்லி ஸ்கூட்டரில் வைத்து எடுத்து வந்துவிட்டேன். அக்கா கேட் வரை வந்து வழியனுப்பினார், நன்றாகத்தான் இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். நல்ல பனிமூட்டம், பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. சார்ஜ் ஏறிய பேட்டரியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறினேன். கடைசித் திருப்பத்துக்கு வரும்போது ஹார்ன் சத்தம். விட்டு விட்டு இல்லை, கையை எடுக்காமல் ஒரே நீளமாக. வேறு ஏதோ வண்டி என்று நினைத்தேன். கிட்டே போகப் போகத்தான் அது அக்கா வீட்டு ஷெட்டிலிருந்து வருகிறது என்று புரிந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது, நம்மை வரச்சொல்லிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டாரே என்று. நான் கேட்டைத் திறந்ததும் சத்தம் நின்றது.

ஷெட் முன்னால் பக்கத்து வீட்டு சண்முகம் குல்லாவும் ஸ்வெட்டருமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, அரை மணி நேரமா அடிக்குது. கதவைத் தட்டிப் பாத்துட்டேன், அக்கா எந்திரிக்கவே இல்லீங்க. அந்த பேட்டரி ஒயரைப் புடுங்கி விடுங்க."

நான் ஸ்கூட்டரைக் காட்டினேன். பேட்டரி அங்கே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி இருந்த இடம் காலி, நான் சுற்றின துணி சுற்றினபடியே இருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்தத் துணியை நான் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். சண்முகம்தான் முதலில் தெளிந்து பின்பக்கம் ஓடினார்.

பின்கதவின் தாழ்ப்பாளை இரண்டு பேரும் சேர்ந்து இடித்து உடைத்தோம். சமையல்கட்டில் சிமெண்ட் தரையில் அக்கா கிடந்தார். தலையில் அடி, ரத்தம் காய்ந்திருந்தது. உடம்பு ஐஸ் மாதிரி. ஆனால் கண் திறந்திருந்தது, மூச்சு இருந்தது. இரவே வழுக்கி விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், இந்த மூட்டத்தில் ஊட்டிப் பக்கமிருந்து வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அங்கே இருந்த ஒரே கார் அக்காவுடையதுதான்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். அழுகையே வந்துவிட்டது. ஆனால் கை பழகின கை, அது நிற்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். மறுபடியும் 'டிக்'. வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குள் கரண்ட் ஓடவே இல்லை. பாசிட்டிவ் ஒயரை அசைத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. கரண்ட் திரும்பி வருவதற்காக இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் பட்டையைத் தொட்டேன், பச்சைப் பொடியாகக் கையோடு வந்துவிட்டது. மழையும் பனியும் சேர்ந்து தின்றுவிட்டிருந்தன. ஸ்கூட்டர் பெட்டியில் இருந்த தடித்த கேபிளை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜினுக்குப் பிடித்துக் கட்டினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

அக்காவைக் கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் படுக்க வைத்து, சண்முகம் தலையை மடியில் தாங்கிக்கொள்ள, குன்னூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அக்கா பிழைத்துவிட்டார். புது எர்த் பட்டை போட்டுக் கொடுத்தேன், பிப்ரவரியிலிருந்து மறுபடி அவரே ஓட்டுகிறார். இப்போது அவர் வீட்டுச் சாவி ஒன்று சண்முகத்திடம் இருக்கிறது.

அந்த ஹார்னைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் யோசித்துவிட்டேன். பதில் இல்லை. போகட்டும், ஒரு உயிரைக் காப்பாற்றிய சத்தம் என்று விட்டுவிடுவேன். விட முடியாதது வேறு ஒன்று.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஹார்ன் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்கவே இல்லை என்றார் அக்கா.

"நீங்கதான் ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருந்தீங்களே தம்பி. அதனாலதான் நான் கண்ணு மூடலை."

நான் என் வீட்டில்தான் இருந்தேன் அக்கா என்றேன். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொங்கல் கழிச்சுக் கடையைக் காலி பண்ணிப்போட்டுத் திருப்பூர் போறேன்னு சொன்னீங்க. வேண்டாங்க தம்பி. இங்கயே இருங்க."

நான் போகவில்லை. கடை நடக்கிறது, முன்னைவிட நன்றாகவே நடக்கிறது. ஆனால் திருப்பூரில் வேலை இருக்கிறது வா என்று மச்சான் எத்தனையோ தடவை கூப்பிட்டும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். பொங்கலுக்குப் பிறகு போய்விடலாம் என்று தீர்மானித்தது அக்கா விழுந்து கிடந்த அந்த ஒரு இரவில்தான், தூக்கம் வராமல் கம்பளிக்குள் கிடந்தபோது. பக்கத்தில் படுத்திருந்த என் மனைவிக்குக்கூட அது தெரியாது. அதை நான் மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன், உதடுகூட அசையவில்லை.